அறை மாறிய அலறல்

மருத்துவமனை நடைபாதைச் சுவரில் ‘அமைதி காக்கவும்’ என்று எழுதி மாட்டியிருந்தது. அதற்கு நேர் கீழே நின்றுதான் தம்பிக்காரர் கத்திக்கொண்டிருந்தார்.

“வேலியே பயிரை மேஞ்சிருக்கு சார்! வேளாவேளைக்கு மாத்திரை குடுக்கத்தான் இந்தம்மாவை வீட்டுக்கு வரச் சொன்னோம். அசலை எடுத்துட்டு போலியை வெச்சு எங்கண்ணனை சாகடிக்கப் பாத்திருக்கா. சாயங்காலம் வரைக்கும்தான் பொறுத்துப்பேன். அப்புறம் போலீஸ்தான்!”

வீட்டு நர்ஸ் பெஞ்சின் ஓரத்தில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்துவிட்ட முகம். “டப்பாவில இருந்ததைத்தான் குடுத்தேன்” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். அதைக் கேட்க அங்கே ஆள் இல்லை.

எங்களை அழைத்தது வீட்டம்மா. உள்ளே ரத்த வாந்தி எடுத்துப் படுத்திருக்கும் அந்த அண்ணனின், ஓய்வு பெற்ற பாய்லர்காரரின், மனைவி. “அவ அப்படிப்பட்டவ இல்ல சார். யார் செஞ்சதுன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க. இல்லைன்னா பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு ஆயிடும்” என்றாள்.

பாஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்கள் துப்பறியும் அலுவலகத்தில் அவர் தானாகச் செய்கிற ஒரே வேலை அதுதான். கார் ஓட்டுவது, டீ வாங்குவது, அவருக்கும் சேர்த்துப் பேசுவது எல்லாம் நான். எனக்கு அவர் வைத்த பெயர் வாயாடி. அம்மா அப்பா வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது எனக்கே திரும்பிப் பார்க்கத் தோன்றுவதில்லை.

டாக்டர் வெளியே வந்தார். இரவெல்லாம் தூங்காத பெண்மணி. கையிலிருந்த மாத்திரை டப்பாவில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சின்ன அறை.

“இவருக்கு என்னதான் வியாதி டாக்டர்? வாழ்நாள்ல ஒரு சொட்டு குடிச்சதில்லையாம். ஆனா கல்லீரல் போச்சுங்கறாங்க” என்றேன்.

“குடிச்சாதான் கல்லீரல் கெடும்னு சட்டமா? மஞ்சள் காமாலைக் கிருமி உள்ளேயே இருந்து அரிச்சிருக்கு. இப்ப கல்லு மாதிரி இறுகிடுச்சு. குடல்ல இருந்து வர்ற ரத்தம் கல்லீரலுக்குள்ள போக வழியில்ல. மெயின் ரோட்டை அடைச்சா லாரியெல்லாம் சந்துல புகும்ல? அந்த மாதிரி உணவுக்குழாய்ல இருக்கிற மெல்லிசான ரத்தக் குழாய்கள்ல புகுந்துடுது. அது வீங்கும். சுவர் மெலியும். ஒரு நாள் வெடிக்கும்.”

“அடைக்க முடியாதா?”

“போன வருஷம் ஒரு தடவை வெடிச்சப்ப ரப்பர் வளையம் போட்டு அடைச்சோம். வெடிச்ச இடம் அடைஞ்சுது, ஆனா உள்ளே அழுத்தம் அப்படியேதான் இருக்கு. அதைக் குறைக்கத்தான் மாத்திரை. இதயத்தை நிதானமா அடிக்க வைக்கும், குடலுக்குப் போற குழாய்களை சுருக்கும். சந்துக்குள்ள வர்ற லாரி குறையும். அந்த மாத்திரைதான் இவருக்கு உயிர்க்கவசம்.”

டாக்டர் டப்பாவிலிருந்து சின்ன வெள்ளை மாத்திரை ஒன்றை எடுத்துக் காட்டினார்.

“அசல் நாக்குல பட்டா கசக்கும். நாக்கே மரத்துப் போகும். இது லேசா இனிக்குது. வைட்டமின். மத்த மாத்திரை எல்லாம் சரியா இருக்கு, இது ஒண்ணுதான் மாறியிருக்கு.”

“அசலைச் சாப்பிட்டா வேற என்னென்ன ஆகும்?” என்றார் பாஸ். அன்று அவர் கேட்ட முதல் கேள்வி.

“நாடி மெதுவாகும். கை கால் சில்லுனு இருக்கும். சில பேருக்குப் பயங்கரமான கனவெல்லாம் வரும்.”

“எங்க ஆபீஸ்ல சம்பளத் தேதி நெருங்கினாலும் இதே மூணும் வரும் டாக்டர்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிரிக்கிற இடமில்லை என்று எனக்கும் தெரியும். பயந்தால் என் வாய் தானாக ஓடும்.

“சரி, இப்பவாவது அசலைக் குடுக்கலாமே?” என்றேன்.

“குடுக்க முடியாதும்மா. ரத்தம் போயி பிரஷர் அடிமட்டத்துல இருக்கு. இப்ப குடுத்தா அந்த மாத்திரையே ஆளைக் கொன்னுடும். நல்லா இருந்தப்ப காப்பாத்தியிருக்கும். தும்பை விட்டுட்டு வாலைப் பிடிச்சு என்ன செய்ய?”

“மறுபடி வெடிச்சா?”

டாக்டர் தன் இரண்டு கைகளையும் ஒரு முறை பார்த்துக்கொண்டார். “கல்லீரல்ல இனிமே தாங்குற சக்தி இல்ல. வெடிக்காம இருக்கணும். என்னால சொல்ல முடிஞ்சது அவ்வளவுதான்.”

பாஸ் நர்ஸிடம் போய் பக்கத்தில் உட்கார்ந்தார். “சிஸ்டர், நாடி பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்குமே?”

“பாக்க விட மாட்டார் சார். முன்னெல்லாம் கையை நீட்டுவார். கொஞ்ச மாசமா கையைத் தொட்டாலே கூசுதுன்னு இழுத்துப்பார். ஊசி போடுறப்பவும் பேசிட்டே முழுக்கைச் சட்டையை இறக்கி விட்டுடுவார்.”

பாஸ் மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார். அதில் அழுக்கு எதுவும் இல்லை.

*

வீட்டுக்கு வீட்டம்மாவே எங்களை அழைத்துப் போனாள். கீழே இரண்டு படுக்கையறை, மாடியில் தம்பிக்காரர் குடும்பம். நான் காரிலேயே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

“தம்பிக்காரர்தான் பாஸ். அண்ணன் போனா முழு வீடும் அவருக்கு. அதான் அத்தனை சத்தம்.”

“சத்தம் போடுறவங்க எல்லாம் குற்றவாளின்னா உன்னை எப்பவோ தூக்குல போட்டிருக்கணும்” என்றார் பாஸ்.

பாய்லர்காரரின் அறை அவரைப் போலவே ஒழுங்காக இருந்தது. நாற்பது வருடம் தொழிற்சாலைக் கொதிகலன்களைக் கட்டி மேய்த்தவர். சுவரில் பித்தளையில் ஒரு பழைய அழுத்தமானி தொங்கியது. ஓய்வு பெற்றபோது கூட வேலை பார்த்தவர்கள் கொடுத்ததாம். கட்டிலுக்கு எதிரே தொலைக்காட்சி. மாத்திரை டப்பா இருந்த முக்காலி கதவை ஒட்டி. யார் வேண்டுமானாலும் போகிற போக்கில் கை வைக்கலாம்.

துப்புக்காக நான் குப்பைத் தொட்டி வரை கிளறினேன். பாஸ் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு ஊர் வம்பு பேசுகிற மாதிரி பேசினார். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது அவருக்குக் கைவந்த கலை.

“இந்த டிவி இவருக்கா?”

“பொண்ணுக்காகத்தான் சார். எங்க பொண்ணு செய்தி வாசிக்கிறா, நீங்க பாத்திருப்பீங்க. ஏழு மணி செய்தி.” அந்த நேரத்திலும் அவள் முகத்தில் பெருமை எட்டிப் பார்த்தது. “ஆரம்பத்துல அவளுக்கு உடம்பே நடுங்கும். கையில பேப்பர் ஆடுறது இங்க உக்காந்திருக்கிற எங்களுக்கே தெரியும். இவர் என்ன செய்வார் தெரியுமா? உள்ளங்கையைத் தொடை மேல வெச்சு அழுத்துவார். அங்க ஆடுற பேப்பரை இங்க இருந்து பிடிக்கிற மாதிரி. நான் சிரிப்பேன்.”

“இப்ப ஆடுறதில்லையா?”

“இல்லை சார். பழகிடுச்சு. நல்லா வாசிக்கிறான்னு சீக்கிரமே நிரந்தரம் பண்ணப் போறாங்களாம்.”

“இவர் செக்கப்புக்கெல்லாம் சரியா போவாரா?”

“அதுதான் சார் வயித்தெரிச்சல். கடைசியா ரெண்டு தடவை வரவே மாட்டேன்னுட்டார். பொண்ணு வேலை நிரந்தரமாகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னார். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு நானும் கத்தினேன். கேக்கலை.”

“தூக்கம் எப்படி?”

“அது ஒண்ணுதான் நல்லா இருந்துச்சு. போன வருஷம் இந்த மாத்திரை ஆரம்பிச்ச புதுசுல நடு ராத்திரி அலறுவார். பாய்லர் வெடிச்சுடுச்சு, எல்லாரும் ஓடுங்கன்னு. நான் எழுப்பித் தண்ணி குடுப்பேன். கடவுள் புண்ணியத்துல சில மாசமா அந்தக் கனவு நின்னுடுச்சு. குழந்தை மாதிரி தூங்குவார்.” அவள் பெருமூச்சு விட்டாள். “என்ன, இப்ப அந்தக் கனவு பொண்ணுக்கு வந்துடுச்சு.”

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த பாஸின் கை அப்படியே நின்றது.

“பொண்ணுக்கா?”

“பக்கத்து ரூம்தான் சார். பாதி ராத்திரியில திடீர்னு கத்துறா. வேலை டென்ஷன். உடம்பும் சூடே இல்ல. வெளியில வெயில் கொளுத்துது, இவ கைக்குக் கம்பளி உறை மாட்டிட்டுத் தூங்குறா.”

ஜன்னல் வழியாகக் கொடியைப் பார்த்தேன். காய்கிற துணிகளுக்கு நடுவே ஒரு ஜோடி கம்பளிக் கையுறை. உள்ளே நுழையும்போதே பார்த்திருந்தேன். யாரோ குளிர் தேசத்துக்குப் போய் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

பாஸ் எழுந்தார். “உங்க பொண்ணுக்கு நர்ஸ் விஷயம் தெரியுமா?”

“சொல்லலை சார். ரப்பர் வளையம் நழுவிடுச்சுன்னு மட்டும் சொல்லி வெச்சிருக்கேன். காலையில ஆஸ்பத்திரிக்கு வந்தா. இவர்தான் பிடிவாதமா அனுப்பி வெச்சார். இன்னிக்கு நீ வாசிக்கிறதை நான் பாக்கணும், போன்னு.”

காரில் ஏறியதும் நான் வாயைத் திறந்தேன். பாஸ் முந்திக்கொண்டார்.

“வாயாடி, வீட்டுல நகை காணாமப் போனா என்ன தேடுவோம்?”

“யார் கழுத்துல இருக்குன்னு.”

“இங்க மாத்திரை காணாமப் போயிருக்கு. அது யார் உடம்புல இருக்குன்னு தேடணும். அப்பா ரூம்ல நின்னு போன கனவு அடுத்த ரூம்ல கேக்குது.”

அந்த நிமிடம் எனக்குப் புல்லரித்தது. எங்கள் தொழிலில் இதுதான் இனிக்கிற நிமிடம். அது எவ்வளவு கொஞ்ச நேரம் நிற்கும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

*

தொலைக்காட்சி நிலையத்தின் ஒப்பனை அறையில் கண்ணாடியைச் சுற்றி விளக்குகள். செய்திக்காரி சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் தெரிவதைவிடச் சின்னப் பெண். மேசை மேல் ஒரு டம்ளர் தண்ணீர், அதன் பக்கத்தில் கைக்குட்டையில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. ஒரு நிமிடம் தாமதமாக வந்திருந்தால் அது அவள் வயிற்றுக்குள் போயிருக்கும்.

அம்மா அனுப்பியதாகச் சொன்னோம். எழுந்து கை கொடுத்தாள். அந்தக் கை ஐஸ் கட்டி.

“அப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு சார்?”

பாஸ் மேசையில் இருந்த மாத்திரையைப் பார்த்தார். “உங்க அப்பாவோட கனவு உங்ககிட்ட எப்படிம்மா வந்துச்சு?”

அவளுக்குப் புரியவில்லை. பாஸ் மாத்திரையைக் காட்டினார். அவள் முகம் சிவந்தது. திருட்டுத்தனம் வெளியே வந்த வெட்கம்தான் அது. அதற்கு மேல் எதுவும் அதில் இல்லை.

“அம்மாகிட்ட சொல்லிடாதீங்க சார். ஆமா, அப்பாவோடதுதான். எனக்கு கேமரா முன்னாடி உக்காந்தா கை நடுங்கும், நெஞ்சு அடிச்சுக்கும். மேடை ஏறுறவங்க இந்த மாத்திரை போடுவாங்கன்னு மேக்கப் அக்கா சொன்னாங்க. கடையில டாக்டர் சீட்டு கேட்டாங்க. டாக்டர்கிட்ட போனா, செய்தி வாசிக்கிறவளுக்கு நடுக்கமாம்னு நாளைக்கே ஊரெல்லாம் பேச்சாயிடும். அப்பா டப்பாவில அதே மாத்திரை இருந்துச்சு.”

“அதனால எடுத்துட்டீங்க.”

“முதல்ல ஒண்ணே ஒண்ணுதான். கை நடுங்கவே இல்ல சார். நானா இதுன்னு எனக்கே ஆச்சரியம். அப்புறம் விட முடியல. நர்ஸம்மா எண்ணிப் பாப்பாங்கன்னு அதே மாதிரி ஒரு சத்து மாத்திரையை வெச்சேன்.”

“அது அப்பாவுக்கு எதுக்குன்னு யோசிக்கலையா?” இதைக் கேட்டது நான்.

“படபடப்புக்குத்தானே! அட்டையோட வந்த பேப்பரை நல்லாப் படிச்சேன்க்கா. இதயம், படபடப்பு, நடுக்கம்னுதான் போட்டிருந்துச்சு. கல்லீரல்ங்கற வார்த்தையே அதுல இல்ல. அப்பாவுக்கு வியாதி கல்லீரல்ல. அதுக்கு ரப்பர் வளையம் போட்டு சரி பண்ணியாச்சு. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்ததுல பயந்து போயிருக்கார், அதுக்காகக் குடுத்திருக்காங்கன்னு நெனச்சேன். எங்கப்பா எதுக்கும் பயப்படுற ஆள் இல்ல சார். அவருக்கு எதுக்கு இந்த மாத்திரைன்னுதான்...”

அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் பாஸைப் பார்த்தேன். வேண்டாம் பாஸ் என்று என் கண் சொன்னது. ஆனால் அங்கே பெஞ்சின் ஓரத்தில் ஒருத்தி கைப்பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சாயங்காலம் ஆகிக்கொண்டிருந்தது.

பாஸ் சொன்னார். சந்தில் புகுந்த லாரிகளை, அழுத்தத்தை, இனிக்கிற மாத்திரையை, நர்ஸ் மேல் விழுந்த பழியை. அவருக்குத் தெரிந்த அளவு மெதுவாகத்தான் சொன்னார். எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் அது அவ்வளவுதானே.

அவள் அழவில்லை. “நானா?” என்றாள். பிறகு கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்தாள். ஒப்பனை அப்படியே இருந்தது. “நான்தானா சார்?”

என் தொழிலில் எத்தனையோ பேர் மாட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். செய்த குற்றம் என்னவென்று எங்கள் வாயால் தெரிந்துகொண்டவளை அன்றுதான் பார்த்தேன். தண்ணீர் டம்ளரை அவளிடம் எடுத்துக் கொடுத்தேன்.

அவள் கைப்பையிலிருந்து மிட்டாய் வருகிற சின்னத் தகர டப்பா ஒன்றை எடுத்தாள். மேசையிலிருந்த மாத்திரையையும் அதில் போட்டு மூடினாள். மூடும்போதே விரல் ஆட ஆரம்பித்திருந்தது.

“இதைக் குடுத்துடுங்க சார். அப்பாவுக்கு உடனே குடுக்கச் சொல்லுங்க.”

குடுக்க முடியாது என்பதை யார் சொல்வது? பாஸ் டப்பாவை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கதவைத் தட்டி யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். “எங்ககூட வந்துடு” என்றேன்.

“இன்னிக்கு நான் திரையில வரலைன்னா அப்பா பயந்துடுவார்க்கா. பாக்கணும்னு சொல்லி அனுப்பியிருக்கார். வாசிச்சுட்டு நேரா வர்றேன். நர்ஸம்மா கால்ல விழுந்து நானே எல்லார்கிட்டயும் சொல்றேன்.”

திரும்பும்போது நான் ஒன்றும் பேசவில்லை. இரண்டு சிக்னல் தாண்டியதும் பாஸ் கேட்டார், “என்ன வாயாடி, வாய் வலிக்குதா?”

“சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்துட்டோம் பாஸ்.”

“ஊதலைன்னா நர்ஸ் உள்ள போயிருப்பா.”

அது சரிதான். அவர் சொன்னது சரி என்பதால் மனசு ஆறிவிடவில்லை.

*

நாங்கள் போனபோது பாய்லர்காரரின் அறையில் எல்லோரும் இருந்தார்கள். அவர் கண் விழித்திருந்தார். தலையணையும் முகமும் ஒரே வெளுப்பு. வீட்டம்மா, தம்பிக்காரர், டாக்டர், கதவோரம் நர்ஸ். பாஸ் தொண்டையைச் செருமுவதற்குள் பாய்லர்காரரே பேச ஆரம்பித்துவிட்டார்.

“டேய், அந்தப் பொம்பளையை ஏன்டா அழ வைக்கிற? மாத்திரையை மாத்தினது நான்.”

தம்பிக்காரர் வாயைப் பிளந்தார். “அண்ணா?”

“ராத்திரியில கனவு தாங்கலடா. கண்ணை மூடினா பாய்லர் வெடிக்குது, கூட வேலை பாத்தவன் எல்லாம் கரியாக் கெடக்கறான். அந்த மாத்திரையாலதான்னு தெரிஞ்சுது. உங்கண்ணி விடமாட்டா. அதனால சத்து மாத்திரையை வெச்சு ஏமாத்தினேன். இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. சிஸ்டர், என்னை மன்னிச்சுடும்மா.”

பொருத்தமான கதை. எல்லோரும் நம்பினார்கள். வீட்டம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். தம்பிக்காரர் நர்ஸ் முன்னால் கை கூப்பி நின்றார், கூப்பிய கையை எப்போது இறக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. நர்ஸ் கைப்பையின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, போகாமல், போர்வையைச் சரி செய்தாள்.

“துப்பறிய வந்த இவர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்” என்று பாஸைக் காட்டி பாய்லர்காரர் மற்றவர்களை வெளியே அனுப்பினார். நான் கதவருகே ஒட்டிக்கொண்டேன். சுவரில் தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஏதோ விளம்பரம் காட்டியது.

“மாடிப்படி ஏற முடியாதவர், கடைக்குப் போயி சத்து மாத்திரை எப்படி சார் வாங்கினீங்க?” என்றார் பாஸ்.

பாய்லர்காரர் லேசாகச் சிரித்தார். “கெட்டிக்காரர்தான்.”

“அந்த மாத்திரை கசக்கும். ஒரு தடவை கசக்காமப் போனாலும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நாடி பாக்க விடலை, செக்கப்புக்குப் போகலை. உங்க நாடி உங்களைக் காட்டிக் குடுத்துடும்னு பயம். உங்களுக்கு ஆரம்பத்துல இருந்தே தெரியும்.”

“முதல் நாளே தெரியும்.” பேசுவதற்கு அவருக்கு நேரம் பிடித்தது. “காலையில வாயில போட்டேன். இனிச்சுது. கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டானோ, கேக்கணும்னு இருந்தேன். சாயங்காலம் பொண்ணு செய்தியில வந்தா. பேப்பர் ஆடலை. எனக்குப் புரிஞ்சு போச்சு.”

“கேட்டிருக்கலாமே சார். ஒரு வார்த்தை. அவளுக்கு வேற டாக்டர், வேற சீட்டு...”

“இப்ப நீங்க சொல்றது புரியுது. அன்னிக்கு புரியலை. கேட்டா விட்டுடுவா. விட்டா நடுங்குவா. வேலை போயிடும். சின்ன வயசுல இருந்து நாலு பேர் முன்னாடி பேச நின்னா மயங்கி விழுற பொண்ணு சார் அது. அன்னிக்குத்தான் தலையை நிமித்தி உக்காந்தா.” மூச்சு வாங்கினார். “பாய்லர்ல சேஃப்டி வால்வைக் கழட்டினா உடனே வெடிக்காது. பல நாள் ஓடும். ஓடுறதை நானே பாத்திருக்கேன். வேலை நிரந்தரமாகிற வரைக்கும் தாங்கும்னு கணக்குப் போட்டேன். அப்புறம் பயம் தானா போயிடும், அவளே விட்டுடுவா, நான் மறுபடி ஆரம்பிச்சுக்கலாம்னு.” ஒரு நிமிடம் கண்ணை மூடினார். “கணக்கு தப்பிடுச்சு.”

பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள். எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. நாற்பது வருடம் ஊரான் வீட்டு அழுத்தத்தைப் பார்த்துப் பார்த்து இறக்கிய மனுஷன். தன் உடம்பில் ஏறுவதை மட்டும் சும்மா இருந்து பார்த்திருக்கிறார்.

“சார், எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். அதுக்குத்தான் உங்களை நிறுத்தினேன்.” அவர் பாஸின் கையைத் தேடிப் பிடித்தார். “எல்லாருக்கும் சொன்ன கதையே கதையா இருக்கட்டும். அவளுக்குத் தெரியக் கூடாது. அவ எடுத்ததாலதான்னு தெரிஞ்சா அப்புறம் அந்தப் பொண்ணு எப்படி உயிரோட இருக்கும்? நான் போனாலும் பரவாயில்ல. இது மட்டும் அவகிட்ட போகக் கூடாது. சத்தியம் பண்ணுங்க.”

பாஸுக்கு வார்த்தை வரவில்லை. அவருக்காகவும் சேர்த்துப் பேசுவது என் வேலை. எனக்கும் வரவில்லை. பாஸ் அந்தக் கையை அழுத்திப் பிடித்தார். அதை அவர் சத்தியம் என்று எடுத்துக்கொண்டார்.

“அந்த ரிமோட்டை எடும்மா. ஏழு மணி ஆகுது.”

எடுத்துக் கொடுக்காமல் இருந்திருக்கலாம். ரிப்பேர் என்று சொல்லியிருக்கலாம். இதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகு தோன்றுகிற புத்தி. கேட்டார், கொடுத்தேன்.

செய்தியின் இசை முடிந்து அவள் வந்தாள். அதே ஒப்பனை, அதே சேலை, தலையும் நிமிர்ந்துதான் இருந்தது. வணக்கம் என்றாள். முதல் செய்தியை ஆரம்பித்தாள்.

கையிலிருந்த தாள் ஆடியது.

அவள் தாளை மேசை மேல் வைத்து விரல்களால் அழுத்திக்கொண்டாள். அப்போதும் தாளின் முனை துடித்துக்கொண்டே இருந்தது.

பாய்லர்காரர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை மெதுவாகத் திருப்பி பாஸைப் பார்த்தார்.

“சொல்லிட்டீங்களா?”

“இல்ல சார்” என்றார் பாஸ்.

இத்தனை வருடத்தில் அவர் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அதனால்தானோ என்னவோ அவ்வளவு மோசமாகச் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தெரியாத மனுஷன்.

“சரி” என்றார் பாய்லர்காரர். நம்பாதவர் சொல்கிற சரி. ஒருத்தர் மறைப்பதைத் தெரிந்துகொண்டே தெரியாத மாதிரி இருக்க அவருக்கு நல்ல பழக்கம் ஆகியிருந்தது. ஊசி குத்தாத கையைப் போர்வை மேல் வைத்தார். உள்ளங்கையை விரித்து அழுத்திக்கொண்டார். திரையில் அவள் வாசித்து முடிக்கிற வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டே வீட்டம்மா உள்ளே வந்தாள். திரையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“ஐயோ பாவம், இன்னிக்குப் பாத்து மறுபடியும் இப்படி நடுங்குதே பிள்ளைக்கு.” பாஸ் பக்கம் திரும்பினாள். “நீங்க நாலு இடம் போற ஆளு. இந்த நடுக்கத்துக்கெல்லாம் மாத்திரை கீத்திரை ஏதாவது இருக்கும்ல சார்?”

பாஸின் கை சட்டைப் பைக்குப் போய் அங்கேயே நின்றது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.